வெள்ளைப் புடவையும் கறுப்பு வெள்ளைப் பேயும்

புள்ளலூர் என்று சொன்னால் சரித்திரம் படித்தவர்கள் உடனே போரைப் பற்றித்தான் கேட்பார்கள். மகேந்திரவர்ம பல்லவர் தம் பகைவரை இங்கே வென்றதாகக் காரைக்கால் பக்கத்துக் காசக்குடியில் கிடைத்த செப்பேடு சொல்கிறது. 1780 செப்டம்பரில் ஐதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை முறியடித்ததும் இங்கேதான். ஆங்கிலேய அதிகாரிகளின் நினைவுத் தூண்கள் இன்றும் நிற்கின்றன. சிறுவயதில் அந்தப் பக்கம் விளக்கு வைத்த பிறகு போகக்கூடாது, தலையில்லாத துரை நிற்பான் என்று ஆயா பயமுறுத்துவார்.

இன்று நான் எழுதப் போவது அந்தப் போரை அல்ல. டூரிங் கொட்டகைத் திரையில் நாங்கள் பார்த்த பூதங்களையும் பேய்களையும் பற்றித்தான். போன வாரம் என் பேரன் கைப்பேசியில் 1933ஆம் ஆண்டு 'கிங் காங்' படத்தை முழுதும் பார்த்தான். முதல் பத்து நிமிடம் சிரித்தான். அப்புறம் சிரிப்பு நின்றது. கொஞ்ச நேரத்தில் என் பக்கத்தில் வந்து ஒட்டி உட்கார்ந்துகொண்டான். எத்தனையோ கம்ப்யூட்டர் பூதங்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளை இதைப் பார்த்து ஏன் பயப்பட வேண்டும்? அந்தக் கேள்விதான் என்னை எழுத வைத்தது.

நான் படித்ததெல்லாம் புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். அப்பாவுக்கு அங்கே வேலை. கோடை விடுமுறை மட்டும் புள்ளலூரில். எங்கள் ஊரிலிருந்து இரண்டு மைல் நடந்தால் ஒரு டூரிங் கொட்டகை. தரை டிக்கெட் 25 பைசா. மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார வேண்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே ஒரு தடுப்பு. ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் இடைவேளை. பேய் கதவைத் திறக்கும் நேரத்தில் விளக்கு எரியும், முறுக்குக்காரர் வருவார். அந்த ஐந்து நிமிடம் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று நாங்கள் பேசிப் பேசி வளர்த்த பயம், இயக்குநர் காட்டியதைவிடப் பெரிதாக இருக்கும்.

இந்தக் கொட்டகைக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் படம் காட்டும் கருவியோடு இந்தப் பக்கம் சுற்றி வந்தார். திருச்சியில் உடம்பு சரியில்லாமல் போகவே, கருவியை விற்றுவிட்டு ஊர் திரும்ப நினைத்தார். ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் அதை வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டக் கிளம்பினார். தென்னாட்டு டூரிங் சினிமா அவரிடமிருந்து தொடங்கியது.

எங்கள் பூதங்களுக்கு வருகிறேன். 1951இல் வந்த 'பாதாள பைரவி'யில் எஸ்.வி.ரங்காராவ் மந்திரவாதி. வீரமான ஓர் இளைஞனை அம்மனுக்குப் பலி கொடுத்தால் கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று அலைபவர். அவர் ஒரு புருவத்தை உயர்த்தினாலே முன்வரிசைப் பிள்ளைகள் பின்னால் நகர்வார்கள். அதே ரங்காராவ் 1957இல் 'மாயாபஜா'ரில் கடோத்கஜனாக வந்து கல்யாண விருந்தை ஒரே ஆளாகத் தின்று தீர்த்தார். அங்கே பயம், இங்கே சிரிப்பு. இரண்டையும் இயக்கியவர் கே.வி.ரெட்டி, ஒளிப்பதிவு மார்க்கஸ் பார்ட்லி. ஸ்டூடியோவுக்குள்ளேயே நிலா வெளிச்சத்தை உண்டாக்கிக் காட்டிய மனிதர் அவர்.

1952இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஓர் அமெரிக்கக் கம்பெனியோடு சேர்ந்து ஒரு படம் எடுத்தது. ஆங்கிலத்தில் 'தி ஜங்கிள்', தமிழில் 'காடு'. இயக்கியவர் வில்லியம் பெர்க். ராட் கேமரூன், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்ஸர் ஆகியோரோடு நம் எம்.என்.நம்பியாரும் நடித்தார். காட்டு யானைகள் ஏன் மிரண்டு ஊருக்குள் ஓடி வருகின்றன என்று பார்க்கப் போனால், காட்டுக்குள்ளே மாமத் என்னும் ஆதிகால ரோம யானைகள்! நம் ஊர் யானைக்கு ரோமப் போர்வை போர்த்தி நடக்க விட்டிருந்தார்கள், அவ்வளவுதான். கோயில் யானையைத் தினமும் பார்க்கிற ஜனங்களுக்கு அது தெரியாதா? தெரியும். தெரிந்தும் பயந்தோம்.

இதே நம்பியார் 1963இல் 'கலை அரசி'யில் வேறு கிரகத்து ஆளாக வந்து, பாட்டும் நடனமும் தெரிந்த பானுமதியைத் தூக்கிப் போனார். காப்பாற்ற எம்.ஜி.ஆர். விண்வெளிக்குப் போக வேண்டியிருந்தது. திரையில் இத்தனை பேரை நடுங்க வைத்த நம்பியார், நேரில் சைவ உணவுக்காரர், சபரிமலை குருசாமி. இதைப் பெரியவர்கள் சொன்னபோது கொட்டகைப் பிள்ளைகள் நம்பவே இல்லை.

கறுப்பு வெள்ளையில் இதெல்லாம் எப்படி எடுபட்டது என்பதற்குத் தொழில் ரீதியாகவும் காரணம் உண்டு. 1931இல் வந்த 'பிராங்கன்ஸ்டைன்' படத்தில் போரிஸ் கார்லாப் முகத்துக்கு ஒப்பனைக்காரர் ஜாக் பியர்ஸ் பூசியது பச்சை கலந்த சாம்பல் நிறம். நேரில் பார்த்தால் வேடிக்கையாக இருந்திருக்கும். பிலிமில் அது செத்தவன் முகம்போல வெளுத்து விழுந்தது. கிங் காங் பொம்மையின் உயரம் சுமார் 18 அங்குலம், மேலே முயல் தோல். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு அசைவையும் தனித்தனியாகப் படம் பிடித்தார்கள். வண்ணமாக இருந்தால் முயல் தோல் முயல் தோலாகவே தெரிந்திருக்கும். கறுப்பும் வெள்ளையும் பாதியைக் காட்டிப் பாதியை மறைத்துவிடும். மறைந்த பாதியை நாம் நம் பயத்தால் நிரப்பிக்கொள்கிறோம்.

நாம் நிரப்புவது எப்போதும் நல்லதாக இருப்பதில்லை. அதற்கு என் வீட்டுக் கதையையே சொல்ல வேண்டும்.

1966இல் 'யார் நீ?' வந்தது. இந்தியில் 'வோ கௌன் தீ?' என்று ஓடிய படத்தின் தமிழ். ஜெய்சங்கர், ஜெயலலிதா. வெள்ளைப் புடவையில் ஒரு பெண் இரவில் நடமாடுவாள். கடைசியில் பேயும் இல்லை ஒன்றும் இல்லை, சொத்துக்காக ஒருவன் செய்த சூழ்ச்சி என்று தெரியும். எங்கள் கொட்டகைக்கு அது 1967 கோடையில் வந்தது. எனக்கு வயது 15. சித்தப்பா பிள்ளைகள் இரண்டு பேரோடு இரண்டாவது ஆட்டம் பார்த்துவிட்டு ஏரிக்கரை வழியாகத் திரும்பினோம். நடுவில் பிலிம் அறுந்து போனதால் அன்று ரொம்ப நேரமாகிவிட்டது. அமாவாசையை ஒட்டிய இருட்டு.

கரை முடிகிற இடத்தில் ஒரு வெள்ளை உருவம். கையில் மங்கலாக ஒரு வெளிச்சம். மூன்று பேரும் கத்தினோம். கீழே கிடந்த கல்லை எடுத்து வீசினேன். வீசிவிட்டு வயலுக்குள் இறங்கி ஓடினோம்.

அது என் அத்தை. அப்பாவின் அக்கா. 13 வயதில் கல்யாணம், 19 வயதில் தாலியை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்தவர். அன்றிலிருந்து வெள்ளைப் புடவைதான். பிள்ளைகளைக் காணோமே என்று அரிக்கேன் விளக்கோடு கரையில் வந்து நின்றிருந்தார். மறுநாள் காலை நெற்றியில் மஞ்சள் பற்று. மாட்டுக் கொட்டகைக் கம்பத்தில் இடித்துக்கொண்டதாக ஆயாவிடம் சொன்னார். என் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

பள்ளி திறந்து புதுச்சேரி போனேன். அந்த வருடம் எங்கள் பிரெஞ்சு ஆசிரியர் ஒருவர் 16 எம்.எம். புரொஜெக்டரில் ஒரு படம் போட்டுக் காட்டினார். ழான் கொக்தோ 1946இல் எடுத்த 'லா பெல் ஏ லா பெத்', அதாவது அழகியும் மிருகமும். இதுவும் கறுப்பு வெள்ளைதான். மாளிகைச் சுவரிலிருந்து மனிதக் கைகள் நீண்டு விளக்கைப் பிடித்திருக்கும். மிருகமாக நடித்த ழான் மாரேயின் முகத்தில் ரோமம் ஒட்ட ஒவ்வொரு நாளும் ஐந்து மணி நேரம் ஆனதாம். வேட்டையாடிவிட்டு வரும்போது அதன் கைகளிலிருந்து புகை வரும். அந்தக் கைகளை அவள் பார்த்துவிடுவாளே என்று அது கூசும். கோரமான முகத்துக்குள்ளே கண்கள் மட்டும் மனிதக் கண்கள். அந்தக் கண்களைப் பார்த்தபோது எனக்கு ஏரிக்கரைதான் ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது.

அடுத்த கோடையில் திண்ணையில் உட்கார்ந்து அத்தைக்கு அந்தக் கதையைச் சொன்னேன். கடைசியில் மிருகம் அழகான ராஜகுமாரனாக மாறிவிடும் என்றதும் அவர், "அடப் பாவமே, அந்தப் பொண்ணு அந்த மூஞ்சிக்குன்னா பழகியிருந்தா" என்றார். படம் முடிந்தபோது எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் இதே வருத்தம்தான். சினிமாவே பார்க்காத அத்தைக்கு அது எப்படித் தெரிந்ததோ! பிறகு கல் எறிந்தது நான்தான் என்று சொன்னேன். "இருட்டுல யாருக்குக் கண்ணு தெரியுது? விடு கண்ணு" என்றார்.

அவர் சினிமா பார்க்காததற்குக் காரணம் விருப்பம் இல்லாதது அல்ல. அந்தக் காலத்தில் அவரைப் போன்றவர்கள் கொட்டகைக்குப் போனால் ஊர் பேசும். எங்கள் படங்களும் அதற்குத் துணை நின்றன என்று இப்போது தோன்றுகிறது. பேய்க்கு எந்த உடை போடுவது என்று யோசித்தவர்களுக்கு, அந்தப் பெண்கள் கட்டிய வெள்ளைப் புடவைதான் கண்ணில் பட்டது. கறுப்புத் திரையில் அது பளிச்சென்று விழும் என்பது ஒளிப்பதிவாளரின் கணக்கு. வீட்டில் நடமாடிய ஓர் உயிரைப் பார்த்துப் பிள்ளைகள் ஓடினோம் என்பது எங்கள் கணக்கு.

1973இல் எனக்குக் குமாஸ்தா வேலை கிடைத்துக் காஞ்சிபுரத்தில் சேர்ந்தேன். அங்கே ஒரு தியேட்டரில் 'மாயாபஜார்' திரும்பப் போட்டிருந்தார்கள். யார் என்ன பேசினாலும் சரி என்று அத்தையைக் கூட்டிப் போனேன். அவர் வாழ்க்கையில் பார்த்த முதல் சினிமா அது. லட்டுகள் தானாக எழுந்து கடோத்கஜன் வாய்க்குள் போனபோது, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். வெளியே வந்ததும், "இவனைப் பாத்தா எல்லாரும் பயப்படறாங்க? பசிச்ச புள்ளையாட்டம் இருக்கான்" என்று கேட்டார்.

பேரன் பயந்ததற்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான். புதிய படங்களில் பூதத்தின் ஒவ்வொரு பல்லும் தெரிகிறது. நாம் சேர்க்க ஒன்றுமே மிச்சமில்லை. பழைய படத்தில் 18 அங்குலப் பொம்மையோ, போர்வை போர்த்திய யானையோ, ரங்காராவின் புருவமோதான் இருந்தது. மீதியை நாம்தான் போட வேண்டும். பயத்தைப் போட்டால் பேய். கொஞ்சம் இரக்கத்தையும் சேர்த்துப் போட்டால் அதற்குள்ளே ஒரு மனிதன். 'கிங் காங்' முடிந்ததும் பேரன் கேட்டதும் அதைத்தான்: "தாத்தா, அது யாரையும் தேடி வரலியே, அவங்கதான பிடிச்சுக்கிட்டு வந்தாங்க? எதுக்கு சாகணும்?"

அத்தை 1991இல் காலமானார். அடுத்த விடுமுறைக்குப் பேரன் வந்தால் அவனோடு 'மாயாபஜார்' பார்ப்பதாக இருக்கிறேன்.