நீல டால்பின் தீவு: ஒரு பெயருக்கு இரு காரணங்கள்

ஸ்காட் ஓடெல் 1960இல் எழுதிய ‘நீல டால்பின்களின் தீவு’ சிறுவர்களுக்கான வரலாற்று நாவல். மறு ஆண்டே நியூபெரி பதக்கம் பெற்றது. தலைப்பில் உள்ள பெயர் தீவுக்கு எப்படி வந்தது என்ற ஆராய்ச்சியைக் கதை சொல்லும் கரானாவே தொடங்கிவைக்கிறாள். நடுக்குன்றில் நின்று பார்த்தால் தீவு ஒருக்களித்துப் படுத்த டால்பினாகத் தெரியுமாம்: வால் கிழக்கே, மூக்கு மேற்கே, துடுப்புகள் கரையோரப் பாறைகளாக. ஆதியில் யாரோ அப்படிக் கண்டு பெயரிட்டிருக்கலாம். சுற்றுக்கடலில் டால்பின்கள் மிகுதி என்பதாலும் வந்திருக்கலாம். எது சரி என்று அவள் முடிவு சொல்வதில்லை.

நம் இலக்கணப்படி இது காரணப்பெயர், காரணம்தான் இரண்டு. அவற்றுள் வடிவ ஒப்புமையை மட்டும் ஓடெல் விரித்து எழுதியிருப்பது சரியான தேர்வு. அந்த ஓர் உவமையிலேயே நிலத்தின் நீளவாக்கு, திசை, பாறைகள் எல்லாம் வாசிக்கும் பிள்ளையின் மனத்தில் பதிந்துவிடுகின்றன. கரானா ஆண்டுக்கணக்கில் தனியே அலையப்போவது அந்த உடலின் மேல்தான்.

நாவலின் தொடக்கமும் இப்படித்தான். கடல் நீர்நாய் வேட்டைக்கு அல்யூட் மக்களை ஏற்றிவரும் கப்பல் முதலில் மிதக்கும் சிறு சிப்பியாகத் தெரிகிறது. பிறகு இறக்கை மடித்த கடற்காகமாகிறது. கடைசியில் சிவப்புப் பாய்களோடு செந்நிறக் கப்பலாகிறது. உவமை மாற மாறத் தொலைவு குறைகிறது. கரானாவின் தம்பி ராமோவோ கடலைக் கீறலற்ற தட்டைக்கல் என்கிறான். கல் இல்லை, அலையற்ற தண்ணீர் என்று அக்காள் மறுக்கிறாள். ஒன்றை இன்னொன்றாகப் பாவிப்பது அவனுக்கு விளையாட்டு. அவளுக்கோ அறியாத பொருளை அறிந்ததைக்கொண்டு பிடிக்கும் வழி.

ஆட்பெயர்களில் இது இன்னும் கூர்மையாகிறது. தீவு மக்களுக்கு ஆளுக்கு இரண்டு பெயர். கரானாவின் ஊரறிந்த பெயர் வோன்-அ-பா-லே, ‘நீண்ட கருங்கூந்தல் பெண்’ என்று பொருள். கண்ணால் கண்டவர் எவரும் வைக்கக்கூடிய காரணப்பெயர். கரானா என்பது மறைபெயர். அதற்கு ஓடெல் பொருள் தருவதில்லை. தந்தை சோவிக் தன் மறைபெயரை வேட்டைக் கப்பலின் ரஷ்யத் தலைவனிடம் சொன்னதால்தான் வலுவிழந்து, வேட்டைக்கு வந்தவர்களோடு நடந்த சண்டையில் இறந்தார் என்று அவள் நம்புகிறாள்.

வரலாற்றில் அந்தத் தீவு கலிபோர்னியக் கரைக்கு அப்பாலுள்ள சான் நிக்கோலாஸ். 1602இல் ஸ்பானியக் கடலோடி செபாஸ்டியான் விஸ்கைனோ மாலுமிகளின் காவலரான புனிதரின் பெயரைச் சூட்டினார். தீவின் வடிவத்துக்கும் அந்தப் பெயருக்கும் எந்த உறவும் இல்லை. 1835இல் மக்களை அங்கிருந்து கப்பலில் அழைத்துச்சென்றபோது கரானாவுக்கு மூலமான பெண் மட்டும் தங்கிவிட்டார். 1853இல் ஜார்ஜ் நைடெவரின் குழு அவரைக் கண்டு சாண்டா பார்பராவுக்குக் கொண்டுவந்தது. ஏழு வாரங்களில் இறந்துபோனார். அவர் பேச்சு அங்கே எவருக்கும் புரியவில்லை என்று சொல்லப்படுகிறது. பொருளோடு பதிவானவை நான்கே சொற்கள். ஹுவானா மரியா என்பது திருமுழுக்கில் பாதிரிமார் இட்ட பெயர். பெற்றோர் இட்ட பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

மறைபெயர் வழக்கத்தை ஓடெல் கதையின் மையத்தில் வைத்ததன் நியாயம் இதுதான் என்று நினைக்கிறேன். வரலாறு தொலைத்த பெயரை, அந்தப் பெண் தானே விரும்பிக் காத்த பெயராக அவர் மாற்றுகிறார். அதனால்தான் அல்யூட் பெண் டூடோக்கிடம் முதலில் வோன்-அ-பா-லே என்றே சொல்லும் கரானா, நட்பு உறுதியான பிறகு தன்னைச் சுட்டி மறைபெயரைச் சொல்லும் இடத்தில் உவமை எதுவும் வைக்கப்படவில்லை.