ஒற்றையாட்சியா, சமஷ்டியா? எதை வைத்து அறிவது?

மாகாணங்களுக்குக் கூடுதலான அதிகாரம் கொடுத்தால் சமஷ்டி, குறைவாகக் கொடுத்தால் ஒற்றையாட்சி என்றே எம்மில் பலர் எண்ணுகின்றனர். அதிகாரத்தின் அளவு இங்கே முக்கியமல்ல. கொடுத்ததை மத்தி தனித்து மீளப் பெற முடியுமா என்பதே கேள்வி.

சமஷ்டி நாடான அமெரிக்காவில் அரசியலமைப்பைத் திருத்த 50 மாநிலங்களில் 38 இணங்க வேண்டும். சுவிற்சர்லாந்தில் வாக்காளர்களின் பெரும்பான்மையோடு கன்ரன்களின் பெரும்பான்மையும் தேவை.

இலங்கை அரசியலமைப்பின் 2ஆம் உறுப்புரை இது ஒற்றையாட்சி அரசு என்கிறது. 1987இல் வந்த 13ஆவது திருத்தம் அதற்கு முரணல்ல என உயர் நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்களில் பெரும்பான்மையினர் தீர்மானித்தனர். மாகாண சபைகள் பாராளுமன்றத்துக்குக் கீழ்ப்பட்டவை என்பதே காரணம். மாகாண சபைகள் பற்றிய அத்தியாயத்தைத் திருத்துவதாயின் சபைகளின் கருத்தைக் கேட்க வேண்டும்; அவை மறுத்தாலும் மூன்றில் இரண்டு பெரும்பான்மை போதும். ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி.

உண்மையில், திருத்தம்கூடத் தேவைப்படவில்லை. 2017இல் பாராளுமன்றம் மாகாண சபைத் தேர்தல் முறையை மாற்றியது. அதற்கான எல்லை நிர்ணய அறிக்கையை 2018இல் அதே பாராளுமன்றம் நிராகரித்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் வட மாகாண சபையின் பதவிக்காலம் முடிந்தது. ஒரு அதிகாரமும் சட்டப்படி பறிக்கப்படவில்லை; அதைப் பயன்படுத்தும் சபைதான் ஆண்டுக்கணக்கில் இல்லாமற் போனது.

சமஷ்டி கோருவது பிரிவினை கோருவதாகாது என்று 2017 ஓகஸ்ட்டில் தீர்ப்பளித்ததும் இதே உயர் நீதிமன்றம்தான்.