கிக் பணியில் பெண்கள்

கைப்பேசிச் செயலி வழியாக வேலையைப் பெற்று, முடித்த ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியே கூலி பெறும் முறை கிக் பணி எனப்படுகிறது. உருப்படிக் கணக்கில் கூலி தரும் வழக்கம் வாலாஜாபாத், காஞ்சிபுரம் வட்டாரப் பட்டுத் தறிகளுக்குப் பழையதே. ராட்டையில் தார் சுற்றியும் அறுந்த இழையை முடிந்தும் வீட்டுப் பெண் செய்யும் உழைப்பு, சேலைக்கான கூலி பெரும்பாலும் நெய்பவர் பெயரிலேயே எழுதப்படுவதால், கணக்கில் ஏறாமலே போய்விடுகிறது. செயலியிலோ பெண்ணுக்குத் தனிக் கணக்கு உண்டு. ஆயினும் நிறுவனங்கள் அவரைத் தொழிலாளராக அன்றிப் பங்குதாரராகவே கொள்வதால், 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் தந்து வந்த ஊதிய விடுப்பு அவருக்குக் கிடைத்ததில்லை. இரவுப் பணியை அஞ்சித் தவிர்ப்பவருக்கு ஊக்கத்தொகையும் குறைகிறது. அப்படித் தவிர்ப்பதை அவரது விருப்பம் என்று சொல்வது நியாயமன்று. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் கிக் பணியாளர்களை வரையறுத்து, மகப்பேறு நலன் உள்ளிட்ட திட்டங்களுக்கு வழிவகுத்தது. தமிழ்நாடு அரசு 2023 டிசம்பரில் இவர்களுக்கெனத் தனி நல வாரியம் அமைத்தது.