பாறைத் தோட்டம்: கல்லும் செடியும் சேர்ந்த வரலாறு

பாறைத் தோட்டம் என்பது இயற்கைக் கற்களை மண்ணில் பதித்து, அவற்றின் இடுக்குகளில் மலைச்செடிகளை வளர்க்கும் தோட்டமுறை. குளிர்நாடுகளில், குறிப்பாக பிரிட்டனில், இது சிறப்பாக வளர்ந்தது. கல்லின் கடுமையைச் செடியால் தணிப்பது இதன் நோக்கம். அதற்கு எந்தச் செடி பொருந்தும் என்று தெளிவதற்கு நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்தத் தெளிவுக்கு இயற்கை கொடுத்த விலையும் சிறிதன்று.

தொடக்கம்

லண்டனிலுள்ள செல்சி மருந்துச்செடித் தோட்டத்தில் 1773ஆம் ஆண்டு ஒரு பாறைத் தோட்டம் அமைக்கப்பட்டது. இன்றும் இருக்கும் பாறைத் தோட்டங்களுள் இது மிகப் பழையவற்றுள் ஒன்று. ஜோசப் பேங்க்ஸ் ஐஸ்லாந்திலிருந்து கொண்டுவந்த எரிமலைக் கற்களும், லண்டன் கோபுரக் கோட்டையின் பழைய கட்டடக் கற்களும் இதில் பயன்பட்டன.

19ஆம் நூற்றாண்டில் ஆல்ப்ஸ் மலைக்குச் சுற்றுலா செல்வது பெருகியது. செல்வந்தர்கள் தம் தோட்டங்களில் மலைகளையே நகலெடுத்தனர். ஹென்லி நகரில் ஃபிராங்க் கிரிஸ்ப் என்ற வழக்கறிஞர் மாட்டர்ஹார்ன் சிகரத்தின் சிறு வடிவத்தைத் தம் தோட்டத்தில் எழுப்பினார். 1870இல் ஆல்ப்ஸ் செடிகளைப் பற்றி நூல் எழுதிய வில்லியம் ராபின்சன், கற்குவியல் மட்டும் போதாது, வேர் இறங்க ஆழமான மண் வேண்டும் என்று வற்புறுத்தினார்.

ரெஜினால்ட் ஃபாரர்

இத்துறையின் போக்கை மாற்றியவர் ரெஜினால்ட் ஃபாரர் (1880–1920). இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் கிளாப்பம் என்ற ஊரில் வளர்ந்தவர். பதினான்காம் வயதிலேயே கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்றில் பாறைத் தோட்டம் அமைத்தார். இலங்கைக்குச் சென்று பௌத்தத்தைத் தழுவி, அப்பயணத்தைப் பற்றி 1908இல் ஒரு நூலும் வெளியிட்டார்.

1907இல் வெளிவந்த ‘என் பாறைத் தோட்டம்’ என்ற நூலில், கற்களைக் கூராக நட்டுவைக்கும் வழக்கத்தை அவர் கேலி செய்தார். கற்கள் அங்கேயே தோன்றியவை போல, ஒரே சாய்வில், மண்ணில் ஆழப் பதிந்திருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. அவருடைய கண்டனத்துக்கு உள்ளான எடின்பரோ அரச தாவரவியல் தோட்டத்தின் பாறைத் தோட்டம், 1908க்குப் பின் மாற்றி அமைக்கப்பட்டது. செடி தேடிச் சென்ற பயணத்தில், 1920இல் வட பர்மாவில் அவர் இறந்தார்.

செடியைத் தேர்ந்தெடுக்கும் முறை

மலைச்செடியைக் கொல்வது பெரும்பாலும் குளிர் அன்று, குளிர்கால ஈரம். உயர்ந்த மலைகளில் பனிப் போர்வை செடியைக் கடுங்குளிரிலிருந்தும் மழையிலிருந்தும் காக்கிறது. சமவெளியில் அந்தப் போர்வை இல்லை. மழைநீர் தேங்கினால் செடி அழுகிவிடும். ஆகவே மண்ணில் சரளையைக் கலந்து நீர் வடிய வழி செய்கின்றனர். கோடையில் கல்லின் அடிப்பகுதி குளுமையாக இருப்பதால் வேர் அங்கே தேடிச் செல்கிறது. அதாவது செடி கல்லை மென்மையாக்குகிறது. கல் செடியைக் காக்கிறது.

இடத்துக்கு ஏற்பச் செடி மாறும். குறுகிய வெடிப்புகளுக்கு சாக்ஸிஃப்ராகா ஏற்றது; இலத்தீனில் இதன் பெயருக்குக் ‘கல்லுடைப்பான்’ என்று பொருள். மண் குறைந்த இடத்தில் செம்பர்விவம் தன் தடித்த இலைகளில் நீரைச் சேமித்து வாழும். கல்லின் விளிம்பிலிருந்து வழிந்து தொங்க ஆப்ரியேட்டா நன்று. ஆனால் அது வேகமாகப் படர்ந்து மெல்ல வளரும் செடிகளை அமுக்கிவிடும். நிழலுள்ள வடக்குப் பக்கத்துக்குப் பெரணிகள் பொருந்தும். கல்லின் வகையையும் பார்க்க வேண்டும். சீனாவிலிருந்து வந்த ஜென்ஷியானா சினோ-ஆர்னேட்டா சுண்ணாம்பு மண்ணில் நலிந்துபோகும்.

கல் வந்த இடம்

இத்தோட்டங்களுக்குப் பெரிதும் விரும்பப்பட்டது, மழையால் அரிக்கப்பட்டு மழமழப்பான சுண்ணாம்புக்கல். இது வட இங்கிலாந்தின் சுண்ணாம்புக்கல் தளங்களில் கிடைத்தது. பனியாறுகள் சுரண்டிய பாறையை, பல ஆயிரம் ஆண்டுகளாக மழைநீர் கரைத்து உருவாக்கிய தளங்கள் இவை. இவற்றின் பிளவுகளில் நாக்கு வடிவ இலை கொண்ட பெரணி முதலிய செடிகள் இயல்பாகவே வளர்கின்றன. தோட்டக்காரர் உருவாக்க விரும்பிய காட்சி, மனித உதவியின்றி அங்கே ஏற்கெனவே இருந்தது. தோட்டங்களுக்காக அந்தக் கல்லைப் பெயர்த்தபோது, செடிகளும் இடமிழந்தன. ஃபாரர் வளர்ந்த கிளாப்பமும் இத்தகைய தளங்களுக்கு அருகிலேயே உள்ளது.

பெயர்த்த தளம் மனித வாழ்நாளில் மீண்டும் உருவாகாது. 1981ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வனவிலங்கு மற்றும் நாட்டுப்புறச் சட்டம் இத்தளங்களுக்குத் தனிப் பாதுகாப்பு ஆணைகள் பிறப்பிக்க வழிசெய்தது. ஆணை உள்ள இடத்தில் அனுமதியின்றிக் கல் எடுப்பது குற்றம். இன்று பாறைத் தோட்டம் அமைப்பவர், எந்தச் செடி என்று கேட்பதற்கு முன், இந்தக் கல் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது.