வைனாமொயினன் (போர்க்கப்பல்)

வைனாமொயினன் என்பது பின்லாந்துக் கடற்படையைச் சேர்ந்த கரையோரப் பாதுகாப்புக் கப்பல் ஆகும். பின்லாந்தின் தேசிய காவியமான கலேவலாவில் வரும் முதுபெரும் பாடகனின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டது. இதன் இணைக்கப்பலான இல்மரினன், அதே காவியத்தின் கொல்லனின் பெயரைப் பெற்றது.

வடிவமைப்பு

1917இல் விடுதலை பெற்ற பின்லாந்து, தனது நீண்ட கடற்கரையைக் காக்க இவ்விரு கப்பல்களையும் துர்க்கு நகரில் கட்டியது. வடிவமைப்பை நெதர்லாந்தில் இயங்கிய ஐவிஎஸ் நிறுவனம் செய்தது. வெர்சாய் உடன்படிக்கையின் தடையைத் தவிர்க்க ஜெர்மானியர் அமைத்த நிறுவனம் இது. வைனாமொயினன் 1930இல் நீரில் இறக்கப்பட்டு, 1932இல் பணியில் சேர்ந்தது.

கப்பலின் எடை ஏறத்தாழ 3,900 டன். நீளம் 93 மீட்டர். பாறைத்தீவுகளுக்கிடையே செல்வதற்காக இதன் அடிப்பகுதி ஆழம் குறைவாக அமைக்கப்பட்டது. இதனால் திறந்த கடலில் கப்பல் அதிகம் உருண்டு ஆடியது. டீசல் எந்திரங்கள் மின்னாக்கிகளை இயக்க, அவற்றின் மின்சாரத்தால் மின்னோடிகள் உந்திகளைச் சுழற்றின. முதன்மை ஆயுதங்களான நான்கு 254 மில்லிமீட்டர் பீரங்கிகளின் வீச்சு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் ஆகும். சிறிய கப்பலொன்றில் இத்தகைய பெரிய பீரங்கிகள் பொருத்தப்பட்டது குறிப்பிடத்தக்கது.

போர்க்காலம்

1939-40 குளிர்காலப் போரில், கடல் உறைந்த பின்னர் இரு கப்பல்களும் துர்க்கு துறைமுகத்தில் நின்று வான்பாதுகாப்பில் ஈடுபட்டன. 1941இல் அங்கோ தீபகற்பத்திலிருந்த சோவியத் தளத்தின் மீது வைனாமொயினன் குண்டு வீசியது.

1941 செப்டம்பர் 13 அன்று, எஸ்தோனியத் தீவுகளில் ஜெர்மானியப் படைகள் இறங்குவதை மறைக்க, எதிரியைத் திசைதிருப்பும் அணியில் இரு கப்பல்களும் சென்றன. அப்போது கண்ணிவெடிகளில் சிக்கிய இல்மரினன் ஏறத்தாழ ஏழு நிமிடங்களில் மூழ்கியது. 271 பேர் உயிரிழந்தனர். 132 பேர் தப்பினர். பின்லாந்துக் கடற்படையின் மிகப்பெரிய இழப்பு இதுவாகும். இதன்பின் வைனாமொயினனைப் பெரிய கடல் நடவடிக்கைகளில் ஈடுபடுத்துவது தவிர்க்கப்பட்டது.

1944 சூலை 16 அன்று இக்கப்பலை அழிக்க, நூற்றுக்கும் மேற்பட்ட சோவியத் வானூர்திகள் கொத்கா துறைமுகத்தைத் தாக்கின. ஆனால் அவை மூழ்கடித்தது ஜெர்மனியின் நியோபே என்ற வான்பாதுகாப்புக் கப்பலையே. அது 1898இல் நீரில் இறக்கப்பட்ட கெல்டர்லாந்து என்னும் பழைய நெதர்லாந்துப் போர்க்கப்பலாகும்.

இறுதிக்காலம்

போருக்குப் பின், 1947இல் வைனாமொயினன் சோவியத் ஒன்றியத்திடம் ஒப்படைக்கப்பட்டது. எந்த நாட்டின் கரையைத் தாக்கவிடாமல் தடுக்கக் கட்டப்பட்டதோ, அந்நாட்டின் பால்டிக் கடற்படையிலேயே இது இணைந்தது. போரின் முடிவில் பின்லாந்து இழந்த வீபோர்க் நகரின் பெயரே இதற்கு இடப்பட்டது. 1966இல் கப்பல் உடைக்கப்பட்டது.