பரிமாறியவள் அமர்ந்தாள்

விருந்தென்றால் சமைப்பவள் பெண், பரிமாறுபவள் பெண், பந்தி எழுந்தபின் எச்சில் இலை எடுப்பவளும் அவளே! அவளை அமரவைத்து ஒரு விருந்து படைத்தால்?

அமெரிக்கக் கலைஞர் ஜூடி சிகாகோ அதைத்தான் செய்தார். 1974இல் தொடங்கிய பணி 1979இல் முடிந்து, சான் பிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகத்தில் மக்கள் முன் வந்தது. 'இரவு விருந்து' என்பது படைப்பின் பெயர்.

முக்கோண மேசை, பக்கம் ஒவ்வொன்றும் 48 அடி. பக்கத்துக்குப் பதின்மூவராக 39 பெண்களுக்கு இடம். ஏசுநாதரின் இறுதி விருந்தில் அமர்ந்தவரும் பதின்மூவர். அத்தனை பேரும் ஆடவர்! அந்தக் கணக்கை மும்மடங்காக்கித் திருப்பித் தந்தார் கலைஞர். ஒவ்வொருத்திக்கும் ஒரு பீங்கான் தட்டு. அதன்கீழ் அவள் பெயர் தாங்கிய பூத்தையல் விரிப்பு.

பூத்தையல்தானே என்று எண்ணிவிடாதீர், தோழர்களே! ஆண் தூரிகை எடுத்தால் கலை. பெண் ஊசி எடுத்தால் கைவேலை. கலையுலகில் இந்த வருணாசிரமத்தை வகுத்தவர் எவர்? நூற்றுக்கணக்கானோர் துணைநிற்க, அவரவர் காலத்துத் தையல் முறைகளைத் தேடியெடுத்து, அந்த 'கைவேலை'யாலேயே வரலாறு எழுதப்பட்டது.

அலெக்சாந்திரியாவில் கணிதமும் மெய்யியலும் கற்பித்து, 415இல் மதவெறிக் கும்பலால் கொலையுண்ட ஹைபேஷியா அங்கே இருக்கிறாள். சூனியத்தின் பெயரால் 1324இல் அயர்லாந்தில் எரிக்கப்பட்ட பணிப்பெண் பெட்ரோனில்லா இருக்கிறாள். கருத்தடை உரிமைக்காகச் சிறை சென்ற மார்கரெட் சாங்கரும் உண்டு. தரை ஓடுகளிலோ மேலும் 999 பெயர்கள்!

தட்டுகளில் பல, பெண்ணுறுப்பை நினைவூட்டும் மலராகவும் வண்ணத்துப்பூச்சியாகவும் அமைந்தன. வந்தது ஆத்திரம்! 1990இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையிலேயே ஆபாசமென்று முழங்கினர். படைப்பை நன்கொடையாக ஏற்கவிருந்த தலைநகர்ப் பல்கலைக்கழகத்தின் நிதியை வெட்டவும் வாக்களித்தனர். கலைஞர் நன்கொடையைத் திரும்பப் பெற்றார். ஆடவர் நூற்றாண்டுக் கணக்கில் பெண்ணுடலை வரைந்து மாளிகைச் சுவரில் மாட்டியபோது கூசாத கண்கள், ஒரு தட்டைக் கண்டு கூசின!

குறையே இல்லையா? உண்டு. ஆப்பிரிக்க அமெரிக்கருள் மேசையில் இடம்பெற்றவர் அடிமைத்தனத்தை எதிர்த்த சொஜர்னர் ட்ரூத் ஒருவரே. மற்றவர்க்கு மலர், அவர் தட்டிலோ முகங்கள். கறுப்பினப் பெண்ணுக்குப் பெண்ணுடல் மறுக்கப்பட்டதேன் என்று அவ்வினத்து எழுத்தாளர்களே வினவினர்.

இந்தியாவிலிருந்து மேசைக்கு அழைக்கப்பட்டவள் யார் தெரியுமா? காளி! 1848இல் புனேயில் சோதிராவ் பூலே திறந்த பெண்கள் பள்ளியில், எதிர்ப்புகளுக்கிடையே பாடம் சொன்ன சாவித்திரிபாய் பூலேவுக்கு அந்த மேசையில் தட்டில்லை. கற்பனைத் தெய்வத்துக்கு உண்டு. 2007 முதல் நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் நிலைபெற்றுள்ள அந்த மேசையில், காளி அமர்ந்தபடியே இருக்கிறாள்.