தீசியஸ் வீரனா?

காளைத்தலை மினோட்டாரைக் கொன்றவன் என்பதால் தீசியஸை வீரன் என்கிறோம். கொஞ்சம் கிளறினால் சங்கடமாத்தான் இருக்கு. கிரீட்டின் சிக்கல் மாளிகையிலிருந்து அவன் வெளியே வந்தது அரியாட்னே கொடுத்த நூலைப் பிடித்துக்கொண்டு. அவளையே நாக்சோஸ் தீவில் விட்டுவிட்டுக் கிளம்பினான் (தெய்வம் சொல்லித்தான் விட்டான் என்று சமாளிப்பவர்களும் உண்டு). உயிரோடு திரும்பினால் வெள்ளைப் பாய் ஏற்ற வேண்டும் என்பதை மறந்தான்; கறுப்புப் பாயைக் கண்ட அப்பா ஏஜியஸ் குதித்து உயிரை விட்டார். பிறகு சிறுமி ஹெலனைக் கடத்தினான். கடைசியில் ஏதென்ஸே அவனை வேண்டாம் என்றது. ஸ்கைரோஸ் தீவில் செத்தான்.

அப்புறம் எப்படி வீரன்? ஹீரோ என்ற சொல்லே கிரேக்கம்தான், ஆனா அங்கே அதற்கு நல்லவன் என்று பொருள் இல்லை. செத்த பிறகும் சக்தியுள்ளவன், சமாதியில் படையல் வாங்குபவன்.

கி.மு. 470களில் தளபதி கிமோன் ஸ்கைரோஸைப் பிடித்து, அங்கே தோண்டியெடுத்த பெரிய உடலின் எலும்புகளை, தீசியஸுடையது என்று ஏதென்ஸுக்குக் கொண்டுவந்தார். கூடவே வெண்கல ஈட்டியும் வாளும் இருந்தனவாம், புளூட்டார்க் எழுதுகிறார். ஏதென்ஸ் கடலாதிக்கத்தை வளர்த்துக்கொண்டிருந்த நேரம், எனக்குச் சந்தேகம்தான். ஆனால் அந்தச் சமாதி அடிமைகளும் எளியவர்களும் தஞ்சம் புகும் இடமாச்சு என்றும் அவரே சொல்கிறார். அரியாட்னேயை விட்டுவந்த ஆளை நான் வீரன் என்று சொல்லமாட்டேன். அந்தச் சமாதியை வேண்டுமானால் ஒத்துக்கலாம்.